எங்கள் காப்பகத்துப் பூச்சாண்டி

அடுத்தவர் பிள்ளைக்குச் சோறூட்டுவதும் ஒரு வேலைதான். பாதி பிள்ளை வயிற்றுக்குப் போகும், மீதி நம் புடவைக்குப் போகும். ஆயா வேலை பார்த்தவர்களுக்கும், வீட்டில் பேரப்பிள்ளையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின், படப்பையில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேர்ந்தேன். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த சமயம். ஷிப்ட் பஸ் வருமுன் தாய்மார்கள் பிள்ளையையும் டிபன் டப்பாவையும் எங்கள் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். ஆயாக்கள் இரண்டே பேர். பிள்ளைகள் 'பெரியாயா' என்று கூப்பிடும் நானும், என்னைவிட இளையவளான கஸ்தூரியும்.

யார் கழுத்தைக் கட்டிக்கொள்வது?

மூன்று வயது தரணி என்றால் எனக்கு உயிர். அவளுக்கோ சோறு என்றால் பகை. நான் காக்காயைக் காட்டுவேன், மாதா பாட்டுப் பாடுவேன், ரசத்தை ஆற்றி ஆற்றி ஊட்டுவேன். அரை மணி நேரத்தில் நாலு வாய் இறங்கும். கஸ்தூரி வந்து ஜன்னலைப் பார்த்து, "தோ பாரு, பூச்சாண்டி வரான்!" என்பாள். தட்டு காலி.

அதுகூடப் பரவாயில்லை. பயந்த பிள்ளை யார் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்? பயமுறுத்தினவள் கழுத்தைத்தான்! ரசச் சோறு கையோடு நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். வயிறு எரியும். கஸ்தூரி சிரித்துக்கொண்டே சொல்வாள்: "நீங்க ஜெபம் பண்ணுங்கக்கா, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்."

அவன் யார்?

அந்தப் பூச்சாண்டி என்பவன் யார் என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசை. கஸ்தூரியைக் கேட்டேன். "பூச்சி புடிச்சினு போற ஆளுக்கா, இன்னா இப்ப?" என்றாள். பிள்ளைகளிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்று கண், முதுகில் சாக்கு, வாயில் நெருப்பு. ஒரு பையன், அவன் நைட் ஷிப்டுக்கு மட்டும்தான் வருவான் என்றான்.

நான் பார்த்ததே இல்லையே என்றேன். தரணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பூச்சாண்டியவே தெரியாதா? அப்போ நீ பெரியாயா இல்ல. கஸ்தூரி ஆயாதான் பெரியாயா."

நானும் கூப்பிட்டேன்

பொறாமை யாரை விட்டது? கஸ்தூரி லீவு போட்ட ஒரு நாள், ஆண்டவரை மனதில் நினைத்துக்கொண்டு, குரலைத் தடியாக்கி, "பூச்சாண்டி வரான்" என்றேன். என் குரல் எனக்கே ஜெபமாலை சொல்வது போலக் கேட்டது. தரணி ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"வரட்டும். அவனுக்கு ஊட்டு."

பழனியிலிருந்து வந்தவர்

தரணியின் அப்பா தேவகோட்டைப் பக்கத்துக்காரர். கம்பெனியில் லீவு வாங்கித் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போயிருந்தார். திரும்பியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல், பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு மகளைப் பார்க்க வந்துவிட்டார். மொட்டைத் தலை, காவி வேட்டி, நெற்றியிலும் மார்பிலும் கையிலும் பட்டை பட்டையாகத் திருநீறு, கையில் பஞ்சாமிர்த டப்பா.

"பூச்சாண்டி!" என்று அலறினாள் தரணி. வாசலுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். என்னைத் தாண்டி ஓடிக் கஸ்தூரி கழுத்தில் தொங்கினாள். "ஆத்தா, நான்தாண்டா, அப்பா" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, அவள் முகத்தை இன்னும் உள்ளே புதைத்துக்கொண்டாள். கஸ்தூரிக்கு முகம் செத்துவிட்டது. என் எரிச்சலை அன்றைக்கு அவர் கண்ணில் பார்த்தேன். பெற்றவருடையது என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது.

குழாயடிக்குப் போய் முகம் கழுவ ஆரம்பித்தார். சாமி விபூதி ஆயிற்றே என்று நான் தடுத்தேன்.

"முருகன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்த்தா. திருநீறு பூசிக்கிட்டு வாற ஆண்டிதான் பூச்சாண்டி. எங்கய்யா அதச் சொல்லித்தான் எனக்கும் சோறு ஊட்டுனாரு. எம்புள்ளைக்கு நானே அவனாயிட்டேன் பாருங்க."

சாம்பல் புதன்

திருநீறு போனதும்தான் அப்பாவை அடையாளம் கண்டு தரணி அவரிடம் தாவினாள். அதன்பிறகு கஸ்தூரி பூச்சாண்டியைக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் தரணி அவள் மடியில்தான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நேராகக் காப்பகத்துக்கு வந்தேன். வாசலில்தான் உறைத்தது. நானும் பூசிக்கொண்டல்லவா வந்திருக்கிறேன்! துடைக்கவும் மனசில்லை. பெற்ற அப்பனுக்கே அந்தக் கதி, நான் எம்மாத்திரம் என்று உள்ளே நுழைந்தேன்.

தரணி எழுந்தாள். கிட்டே வந்து அண்ணாந்து பார்த்தாள். நான் குனிந்தேன். ஒரு விரலால் சாம்பலைத் தொட்டு, முகர்ந்து, தன் நெற்றியிலும் ஒரு கோடு இழுத்துக்கொண்டாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"கஸ்தூரி ஆயா, நீ பயப்படாத! இவங்க எங்க அப்பா ஜாதி!"

அந்த வாரம் முழுக்கக் கஸ்தூரி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தவக்காலத்தில் இத்தனை சந்தோஷப்படலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.