தொப்பி சுற்றி வந்த பிறகு

செனோன் யவுரி என்பவன் மலையூரிலிருந்து தலைநகர் லிமாவுக்கு வந்த புதிதில் பஸ்ஸில் மிட்டாய் விற்றான். ஜனங்கள் அவன் பேச்சுக்குச் சிரித்துவிட்டு, மிட்டாயை வாங்காமல் இறங்கிப் போனார்கள். சிரிப்பையே விற்றுத் தொலைப்போம் என்று சதுக்கத்துக்கு வந்து, ஜோக் சொல்லி ஆட்டம் காட்டச் சாக்பீஸால் வட்டம் போட்டவன், அங்கேயே நரைத்தும் போனான். சிஞ்சா ஊரின் கறுப்பினத்தவனான நிக்காசியோ கூட்டாளியாகச் சேர்ந்தான். செனோன் அவன் நிறத்தைக் கேலியில் கிழிப்பான். அவன் செனோனை மலைக்காரன் என்று கிழிப்பான். அதற்கு இது சரியாகப் போயிற்று என்று செனோன் நினைத்துக்கொண்டிருந்தான். இப்படி எதையாவது நினைத்துக்கொண்டால்தான் நமக்கெல்லாம் தூக்கம் வருகிறது.

அந்த வருஷம் நகராட்சி ஒரு விதி போட்டது. பிறருடைய நிறத்தையோ ஊரையோ வைத்துக் கேலி செய்தால் சதுக்கத்தில் ஆடும் அனுமதி ரத்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பச்சைச் சட்டை போட்ட அதிகாரி அம்மா கையில் போனோடு கூட்டத்தில் வந்து நின்றாள். செனோன் பார்த்துவிட்டான். போக்குவரத்து நெரிசல், மாமியார், கால்பந்து என்று பத்திரமாகவே பேசினான். கூட்டம் கொட்டாவி விட்டது.

சதுக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஜோக்கை முதலில் சொல்லமாட்டார்கள். அதன் பேரைச் சொல்லி ஆசை காட்டி, தொப்பியைச் சுற்ற விட்டு, காசு விழுந்த பிறகுதான் சொல்வார்கள். கூட்டம் கலைவதைக் கண்டதும் செனோனின் நாக்கு பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

"யாரும் போயிடாதீங்க சாமி! அடுத்தது ஆஸ்பத்திரிக் கதை! நம்ம நிக்காசியோ பொறந்த கதை!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் தொப்பி சுற்றி வந்துவிட்டது. அதிகாரி அம்மா படம் பிடிக்கப் போனைத் தூக்கிப் பிடித்தாள். செனோன் காசை எண்ணுவதுபோல் தொப்பிக்குள் குனிந்தான். சொன்னால் நாளையிலிருந்து சதுக்கம் இல்லை. இந்த வயதில் மறுபடி பஸ் ஏறி மிட்டாய் விற்க வேண்டியதுதான்.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா? சொல்லு!" என்றான் முன்வரிசையில் ஒரு தடியன்.

"காச வாங்கிட்டு முழிக்கிறான் பாரு!"

"ஏமாத்துறானுங்கடா! தொப்பியப் புடுங்கு!"

ஆட்கள் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள். யாரோ செனோனின் சட்டைக் காலரைப் பற்றினார்கள். பயத்தில் அவன் நிக்காசியோவைப் பார்த்தான். காப்பாத்துடா என்று கெஞ்சுகிற பார்வை.

நிக்காசியோ முன்னால் வந்தான்.

"கைய எடுங்கப்பா. என் கதையை நானே சொல்றேன். நான் பொறந்தப்போ டாக்டரு, 'லைட்டப் போடும்மா'ன்னாராம். 'எரிஞ்சுட்டுதான் சார் இருக்கு, குழந்தைதான் அப்படி'ன்னாளாம் நர்ஸு. எங்கம்மா படுத்தபடியே கேட்டுட்டு இருந்துச்சாம்."

சதுக்கம் அதிர்ந்தது. தடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். தன்னையே கேலி செய்துகொண்டவனை எந்த விதியில் பிடிப்பது என்று தெரியாமல் அதிகாரி அம்மா போனை இறக்கினாள். அவள் ஒருத்திதான் அங்கே சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் செனோன் ஓடிப்போய்க் கூட்டாளியின் தோளில் கைபோட்டான்.

"பங்காளி, உயிரக் காப்பாத்தினடா! இனிமே இதை நீயே சொல்லிடு. நமக்கு ஒரு பயமும் இல்ல."

நிக்காசியோ அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டான்.

"இத்தனை வருஷம் நீ சொன்ன. சொல்றது அவன்தானே, நமக்கென்னன்னு பல்லக் காட்டிட்டு நின்னேன். இன்னைக்கு எங்கம்மா பிரசவத்த நானே கூவி வித்துட்டேன்டா."

"பொழப்புக்குத்தானே பங்காளி…"

"ஆமா, பொழப்புதான். அடுத்த ஆட்டத்துல உங்கம்மாவப் பத்தி நீ சொல்லு. நான் முன்னால நின்னு சிரிக்கிறேன்."

செனோன் வழக்கம்போல் சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை.