செருப்பைத் தேடிய ராட்சசன்

கண்ணால் பார்க்காத ஒன்றை யாராலும் படமாக வரைய முடியாது என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். எழுதுகிறவன் பொய் எழுதலாம். வரைகிறவன் எப்படிப் பொய் வரைவான்? அதனால்தான் யுத்த காலத்தில், அரக்கோணத்தில் ரயில்வே வேலையிலிருந்த அக்கா புருஷன், எங்கள் பாவா, சனிக்கிழமைதோறும் திருத்தணிக்குக் கொண்டுவந்த சிறுவர் பத்திரிகையின் சித்திரக்கதையைச் செய்தி என்றே படித்துவந்தேன்.

அது சிரிப்புக் கதை. ஒற்றைச் செருப்பைத் தொலைத்த ராட்சசன் ஒருவன் ஊர் ஊராகத் தேடுகிறான். கூரைகளைத் தூக்கிப் பார்க்கிறான், ஏரியைக் கவிழ்த்துப் பார்க்கிறான். கால் வைத்த இடமெல்லாம் சப்பை. மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தது. செருப்பைத் தேடுகிறவன் கடைசியில் எங்கே வருவான்? கிருத்திகையன்று எங்கள் மலையடிவாரத்தில் குவிகிற அவ்வளவு செருப்பை அவன் வேறெங்கே பார்க்க முடியும்? அந்தக் குவியலுக்குப் பக்கத்தில், குளக்கரையில்தான் என் நைனா உட்கார்ந்து பக்தர்களுக்கு மொட்டை அடிப்பார்.

பயந்தபடியே ஆனது. ஒரு வாரம், கடைசிப் படத்தில் படிக்கட்டு வைத்த மலை, அடியில் குளம், அதற்கு மேலே தூக்கிய கால். மீதி அடுத்த வாரம் என்று போட்டிருந்தது. நிஜமா என்று பாவாவைக் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றபடி, "ஆங் மச்சான், மணவூராண்ட வந்துகினு கீறான்னு டேசன்ல பேசிகினாங்க" என்றார்.

அந்த வாரமே கிருத்திகை. காலையில் கத்திப் பையோடு கிளம்பிய நைனாவின் காலைக் கட்டிக்கொண்டு, போனால் நசுங்கிப் போவாய் என்று அழுதேன். "வந்தா வரட்டும்டா. அவனயும் ஒக்கார வெச்சி மொட்டை அடிச்சி அனுப்பறேன். கால வுடு."

நானும் கூடவே போனேன். ஆபத்து வந்தால் இழுத்துக்கொண்டு ஓட வசதியாக, அவருக்குத் தெரியாமல் அவர் வேட்டி முனையை என் அரைஞாணில் முடிந்துகொண்டேன். உச்சிவெயிலில் கூட்ஸ் வண்டி ஒன்று போயிற்று. தரை அதிர்ந்தது. அலறிக்கொண்டு ஓடினேன். நைனா வரவில்லை, வேட்டி மட்டும் வந்தது. பாதி மொட்டையோடு இருந்தவர் சிரித்துக் குலுங்க, கோவணத்தோடு நின்ற நைனா கத்தியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "வேட்டிய குடுத்துட்டுப் போடா. அவன் வந்தா நானே கூப்புடறேன்" என்றார்.

அன்று யாரும் வரவில்லை. சனிக்கிழமை பாவாவும் வெறுங்கையோடு வந்தார். ராட்சசன் சென்னையில் பத்திரிகை அச்சாபீசை மிதித்துவிட்டான் என்று முடிவு கட்டி, இன்னும் பல கிருத்திகைகளுக்கு நைனாவோடு போய் உட்கார்ந்தேன், வேட்டியைத் தொடாமல். இன்றைக்கும் எனக்கு மிகவும் பிடித்த கதை அதுதான். முடிவு மட்டும் தெரியாது. யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள்.