ஐம்பத்திரண்டு குருவிகள்

என் அக்கா வீட்டுக்காரரை அச்சகத்தில் எல்லோரும் நூல்பிடி என்றுதான் கூப்பிடுவார்கள். பைண்டிங் பிரிவில் வேலை. அச்சாகி வந்த காகிதக் கட்டை மேசையில் நிறுத்தி நாலு பக்கமும் தட்டுவார். நூல் பிடித்த மாதிரி நிற்கும். வேலையோடு விட்டால் பரவாயில்லை. அவர் என் வீட்டுக்கு வந்துபோனால் வாசலில் கிடக்கும் செருப்புகள்கூட அணிவகுத்து நிற்கும். "மாமா, என் வீட்டுக்காரர் செருப்பை மட்டும் விட்டுடுங்க, அந்த ஆளுக்கு அடையாளம் தெரியாது" என்பேன். சிரித்துக்கொண்டே அதையும் நேராக்கிவிட்டுப் போவார்.

அவருக்கு ஒரே மகள். குட்டி என்று கூப்பிட்டோம். அப்பாவுக்கு நேர் எதிர். அவள் தலை வாரினால் வகிடு வளையும், அவள் மடித்த போர்வை மூட்டை மாதிரி இருக்கும். கணக்குப் படி என்று கல்லூரியில் சேர்த்துவிட்டால், போனைப் பார்த்துச் சீட்டு வித்தை படித்தாள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தாலும் விடமாட்டாள். "சித்தி, ஒரு சீட்டு எடு."

படிப்பை விட்டுவிட்டு ஒரு மேஜிக் குழுவோடு ஊர் ஊராகப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று மாமா வீடு அதிரக் கத்தினார். "சீட்டாடிப் பொழைக்கப் போறியா? இனிமே என் முகத்துல முழிக்காதே!" அவளும் அவர் மகள்தானே. முழிக்கவில்லை. ஒரே அறையில் நின்றுகொண்டு அக்காவைத் தூது விட்டார்கள். "குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு அவளை." "எடுத்துட்டேன்னு சொல்லும்மா." எனக்குச் சிரிப்பாக இருக்கும். ரெண்டு பேர் மண்டையையும் பிடித்து முட்டலாம் போலவும் இருக்கும்.

அந்த நாட்களில்தான் குட்டி என்னிடம் ஒரு புதுச் சீட்டுக்கட்டைக் காட்டினாள். ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் ஒரு குருவிப் படம்.

"அம்மா அப்பா கல்யாண நாளன்னைக்கு, அப்பா முன்னாடி உக்காந்து இதைக் கலைப்பேன் சித்தி. எவ்வளவு கலைச்சாலும் கலையாது. கடைசியில அப்பாகிட்ட ஒண்ணு சொல்லும். நான் வாயைத் திறந்தா சண்டைதான் வரும். அதான்."

"என்னடி சொல்லும்?"

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

அது உண்மை என்பதால் நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கல்யாண நாள் வரை அவள் இருக்கவில்லை. மழையில் சாலையைக் கடந்தபோது ஒரு லாரி. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, அவள் மேசைமேல் அந்தக் கட்டு ரப்பர் பேண்டுக்குள் கோணல்மாணலாகக் கிடந்தது. குட்டி சொன்னதை நான் மாமாவிடம் சொன்னேன். அவர் கட்டைக் கையில் எடுத்தார். எந்தச் சீட்டையும் புரட்டிப் பார்க்கவில்லை. சில குருவிகள் தலைகீழாக நின்றன. அவற்றை மட்டும் இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி நேராக நிறுத்தினார். "ஒண்ணையாவது ஒழுங்கா வைக்கிறாளா பாரு" என்றார். பிறகு மேசையில் நிறுத்தி நாலு பக்கமும் தட்டினார்.

"வரிசை மாறலியே மாமா?"

"உயிரே போனாலும் மாறாது, சின்னவளே."

"இப்பவே பிரிச்சுப் பாத்துடுங்களேன்."

"பிரிக்கிறேன்னா சொன்னா? கலைக்கிறேன்னுல்ல சொன்னா. சீட்டாடின்னு திட்டினேன். அவ கத்துக்கிட்டதை நானும் கத்துக்கிட்டு வந்துதான் கேப்பேன். என்ன சொல்ல இருந்தான்னு எனக்குத் தெரியணும்."

திட்டிக்கொண்டே சொல்ல இருந்தாளா, மன்னித்துவிட்டுச் சொல்ல இருந்தாளா என்பதுதான் அவர் கேட்காமல் கேட்டது. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அந்த ஒன்றுதான் அவர் மனதில் ஓடியது என்று அக்கா சொன்னாள்.

குட்டி தேய்த்து நைந்துபோன பழைய கட்டுகளை வைத்துக்கொண்டு, அவள் பார்த்த வீடியோக்களையே பார்த்துக் கற்றுக்கொண்டார். கலைப்பது போல் காட்டிக் கலைக்காமல் இருப்பதில் எத்தனையோ வகை இருந்தது. முதலில் பார்த்தது, உள்ளங்கையில் வைத்து மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ப்பது. அதில் ஒரு பகுதிதான் தப்பும், மற்றது கலைந்துபோகும். அது வேண்டாம் என்றார், ஒரு சீட்டைக்கூட விட அவருக்கு மனமில்லை. இன்னொன்று, கத்தை கத்தையாக எடுத்து இடம் மாற்றி வைப்பது. ஒன்றும் கலையாது. ஆனால் எட்ட நின்று பார்த்த அக்காவே, "எடுத்து எடுத்து வைக்கிறீங்க, கலைக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டாள்.

கடைசியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்புகளைச் சடசடவென்று பல்லுக்குப் பல் கோத்து, உள்ளே தள்ளுவது. தள்ளும்போது ஒரு மயிரிழை கோணலாகத் தள்ள வேண்டும். அப்போதுதான் இரண்டு பாதியும் ஒட்டாமல் மறுபக்கம் வரும். உருவிப் பழையபடி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிடலாம். பார்க்கிறவர் கண்ணுக்கு நிஜமான கலைப்பு.

அந்த மயிரிழையில்தான் மாமா மாட்டிக்கொண்டார். காலமெல்லாம் தட்டிய கை. சீட்டு கோத்ததும் அவரைக் கேட்காமலே நாலு பக்கமும் தட்டி நேராக்கிவிடும். தட்டினால் தீர்ந்தது, கட்டு நிஜமாகவே கலைந்துபோகும். கலை என்றால் வித்தை, கலை என்றால் குலைத்துப் போடு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்களை நான் அப்போது நன்றாகத் திட்டினேன்.

அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில், கட்டிங் மிஷின் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பழகுவார். "என்ன நூல்பிடி, சூதாட்டமா?" என்று வந்த முதலாளி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். தட்டப் போகும்போது உறுத்தட்டும் என்று சுண்டு விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டார்.

ஒருநாள் என்னிடம் சொன்னார். "கோணலா வைக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா சின்னவளே? சின்னப் பொண்ணு, எப்படித்தான் கத்துக்கிட்டாளோ. கெட்டிக்காரிதான்." அவள் உயிரோடு இருக்கும்போது அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

கல்யாண நாள் வந்தது. குட்டியோடு சேர்ந்து வித்தை பழகிய தோழி ஒருத்தி வெளியூரில் வேலைக்குப் போயிருந்தாள். அவளும் அன்று அக்காவைப் பார்க்க வந்தாள். மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மேசையில் துணி விரித்து உட்கார்ந்தார். குருவிக் கட்டைப் பிரித்தார், கோத்தார், தள்ளினார், உருவினார். சுண்டு விரல் அசையவே இல்லை. எனக்கு விஷயம் தெரிந்தும் நிஜமாகவே கலைத்துவிட்டாரோ என்று தோன்றியது.

"குட்டி மாதிரியே பண்றீங்க அங்கிள்" என்றாள் தோழி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப குருவி மேல தெரியற மாதிரி பரப்புங்க. தலைகீழா நிக்கிற குருவியை மட்டும் வரிசையா எடுத்துப் புரட்டினா, அவ எழுதினது வரும்."

மாமா பரப்பினார். ஐம்பத்திரண்டு குருவியும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன.

"எல்லாம் நேரா இருக்கே அங்கிள்?"

நான் மாமாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் நேராக்கினேன்" என்றார்.

அந்தப் பெண் பதறிப்போய்ச் சீட்டுகளைப் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் குட்டியின் கோணல் கையெழுத்தில் ஒரே ஒரு எழுத்து. எழுத்தாவது தலைகீழாக இருக்கிறதா என்று தேடினாள். இல்லை, குட்டி எல்லாவற்றையும் நேராக வைத்து எழுதிய பிறகுதான் சிலதைத் திருப்பியிருக்கிறாள். என்ன எழுதினாள், எந்தெந்தச் சீட்டு என்று தோழிக்கும் தெரியாது. வரிசையாகப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. வேண்டிய எழுத்தை வேண்டாத எழுத்துக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

அக்காதான் முதலில் குனிந்தாள். ஓர் அ, தள்ளி ஒரு ப், இன்னும் தள்ளி ஒரு பா. மூன்றையும் விரலால் கீழே இழுத்தாள். "அப்பான்னுதான் ஆரம்பிச்சிருக்கா." பிறகு ஒரு வே, ஒரு ணு, ஒரு ம். "அப்பா வேணும். பாத்தீங்களா? வேற என்ன சொல்லப் போறா?"

மாமாவும் குனிந்தார். பிறகு அந்த ணுவை மேலே தள்ளிவிட்டு, வேவுக்கும் ம்முக்கும் நடுவில் கிடந்த ஒரு ண்ணையும் ஒரு டாவையும் இறக்கினார்.

அக்கா படித்தாள். "அப்பா வேண்டாமா? அவ இதை எழுதியிருக்க மாட்டா."

"மாட்டா" என்றார் மாமா. "ஆனா எந்தக் குருவியைத் திருப்பினேன்னு எனக்கு ஞாபகம் இல்லையே."

இப்போதும் வேலை விட்டு வந்ததும் ரெண்டு பேரும் அந்த மேசைக்கு வந்துவிடுகிறார்கள். அக்கா ஒரு வாக்கியம் கண்டுபிடிப்பாள், அவர் தலையை ஆட்டுவார். பிறகு சீட்டுகளை அதே வரிசையில் எடுத்துக் கோத்து, ஒரு மயிரிழை கோணலாகத் தள்ளி, உருவி, பெட்டியில் வைப்பார். அழகாகக் கலைக்கிறார். ஓர் எழுத்துகூட இடம் மாறுவதில்லை.