கழிப்பறைக்கு ஒரு கை

ஆகஸ்ட் பதினைந்து, காலை பதினொரு மணிக்குக் கிராம சபை தொடங்கியது. ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். ஊராட்சி நிதியில் இவ்வாண்டு ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றார்கள்: ஊர் முகப்பில் அலங்கார வளைவு, அல்லது நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை.

என் தங்கை அங்கே ஏழாம் வகுப்பு. இப்போதுள்ள கழிப்பறைக்குக் கதவு இல்லை. ஆகையால் அவள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. நான் கழுத்துவரை நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும். கோடையில் நீர்க்கடுப்பு வந்து படுத்துவிட்டாள்.

அதனால்தான், கல்லூரியில்கூட எவரிடமும் வலியச் சென்று பேசாத நான், ஷூ கம்பெனி வண்டி பெண்களை இறக்கிவிடும் இடத்தில் மாலைதோறும் நின்று, கழிப்பறைக்குக் கை தூக்கும்படி கேட்டேன்.

"கை தூக்கறதுதானே? இன்னா பெரிய வேலை, வர்றோம் போ," என்றாள், கம்பெனியில் அம்மாவோடு ஒரே தையல் லைனில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்கா. "பேசறத மட்டும் நீ பேசிடு. உன்ன மாதிரி புத்தகத் தமிழ் எங்களுக்கு வராது."

சொன்னபடியே எல்லோரும் வந்து, பள்ளி வராந்தாவில் பின்வரிசையில் அமர்ந்தார்கள். நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒருவர், "பாத்ரூமுக்கே இவ்ளோ பேச்சா! வளைவு கட்டினா இந்தப் பொண்ணு காவியமே எழுதும் போல," என்றார். பெண்களும் சிரித்தார்கள். அதை நான் எதிர்பார்த்தே இருந்தேன்.

"கழிப்பறை வேணும்ங்கறவங்க கை தூக்குங்க," என்றார் தலைவர். எண்ணுவதற்காக அவருடைய தம்பி எழுந்து நின்றார். வளைவு கேட்டவர் அவர்தான். அம்மாவின் லைனுக்குச் சூப்பர்வைசரும் அவர்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளைப் பார்த்தார்.

நான் கையை உயர்த்தினேன். திரும்பிப் பார்த்தேன். பின்வரிசைக் கைகள் மடியில் இருந்தன. அம்மாவின் கைகளும்.

வளைவு ஜெயிக்க முன்வரிசைக் கைகளே போதுமானவையாக இருந்தன.

வீட்டுக்கு நடக்கையில் அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "லைன்ல கை தூக்கினா பீஸ் டேமேஜ் ஆய்டுச்சுன்னு அர்த்தம் பாப்பா. அவரு வந்து தலைக்கு மேல நிப்பாரு. அப்புறம் நாள் பூரா பேச்சுதான். இன்னிக்கும் அதே மாதிரி நின்னாரா... கை எழும்பல."

அம்மா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சோறு வடித்தேன், துணி மடித்தேன். வருத்தம் எந்நேரமும் வந்துவிடும் என்று இடம் ஒதுக்கி வைத்தவளைப்போல இருந்தேன்.

"கதவு போடுவாங்களா?" என்று தங்கை கேட்டாள்.

"இப்ப இல்ல."

மறுநாள் காலை அவளுடைய பாட்டிலில் பாதி மட்டும் ஊற்றி, மூடியைத் திருகிப் பையில் வைத்தேன்.