அவள் மகனுக்கு அறுபத்தைந்து

அன்று அந்த அறையில் டாக்டர் இருந்தார். கம்ப்யூட்டரில் தட்டுகிற பெண் இருந்தாள். என் நாத்தனார் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மகள் இருந்தாள். நான் இருந்தேன். கதவைச் சாத்தவில்லை. வாசலில் அடுத்த ஆளாக ஒருத்தி, மகனைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

தருமபுரியில் நடந்த கேம்ப் அது. மாற்றுத்திறனாளி அட்டைக்கு. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பேச்சு வரவில்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். ரோடு, கிணறு என்று தெரியாது.

ஆபீசுக்குப் போகிறோம் என்று தலைக்கு ஊற்றி, ரெட்டை ஜடை பின்னி, சாமந்தி வைத்து, பொங்கலுக்கு எடுத்த கவுனைப் போட்டிருந்தேன். எங்கள் பக்கம் நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் பிள்ளையை அப்படித்தான் கூட்டிப்போவோம். என் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக் கொடுத்தால் கொஞ்ச நேரம் உட்காருவாள். அதையும் கொடுத்திருந்தேன். சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கேட்டார். "பாப்பா தானா சாப்பிடுதாம்மா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

"சாப்புடுதுங்க சார்."

"பாத்ரூம் போனா கழுவிக்குதா?"

"கழுவிக்குதுங்க."

"வெளிய ஓடுதா?"

"இல்லைங்க. சொன்னா கேட்டுக்கும்."

மூன்றும் பொய். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆத்தாக்காரிக்கு வளர்க்கத் தெரியவில்லை என்பது மாமியார் வீட்டுப் பேச்சு. என் வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மாசத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்பது நான்தான். நாத்தனார் காதுபட நான் வேறு என்ன சொல்வது?

முப்பத்தைந்து சதவீதம் என்று போட்டார்கள்.

வராந்தாவில் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே அந்த இன்னொருத்தி பேசியது கேட்டது. அவள் மகன் டாக்டர் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டான். அவள் அதட்டக்கூட இல்லை.

"இப்படித்தாங்க சார். வூட்டுல ஒரு கண்ணாடி டம்ளர் மிச்சமில்ல. எல்லாம் எவர்சில்வரா மாத்திட்டேன். இப்ப அதுவும் நெளிஞ்சி கெடக்குது."

டாக்டர் சிரித்தார். சாப்பிடுவானா என்றார். ஊட்டணும் என்றாள். கழுவிக்குவானா என்றார். நான்தாங்க கழுவணும், எனக்கு அப்புறம் யாரு கழுவுவாங்கன்னுதான் சார் பயம் என்றாள். வராந்தா பூரா கேட்டது. அவளுக்கு வெட்கமே இல்லை.

அவள் மகனுக்கு அறுபத்தைந்து.

மாத உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேன். நாற்பது சதவீதமாவது இருக்கணும் என்று திருப்பிவிட்டார்கள்.

அவள் ஊர் எங்கள் ஊருக்கு இரண்டு ஸ்டாப் முன்னால். அதே இண்டூர் பஸ். அதற்குப் பிறகு அடிக்கடி கண்ணில் பட்டாள். பிளாஸ்டிக் கவரில் போட்ட அட்டையைக் கண்டக்டரிடம் நீட்டுவாள். பணம் வந்ததில் மத்தியானத்துக்கு மேல் கூலிக்குப் போவதை விட்டுவிட்டாளாம். மகனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறாளாம். பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் தக்காளிக் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வரப்பில் ஒரு மாமரம். பழைய சேலையால் மகளை இடுப்பில் கட்டி அந்த மரத்தில் முடிந்துவிட்டுப் பறிக்கப் போவேன். நிழல் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அவள் கத்தினால் கூடையை வைத்துவிட்டு ஓடுவேன். கொல்லைக்காரர் கூலியில் பிடிப்பார். கட்டாமல் இருக்க வேண்டுமென்றால் நான் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்க அந்தப் பணம் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

குனிந்து பறிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டில்தான் கண்ணில் நிற்கும். என் பிள்ளையும் தட்டிவிட்டிருக்கலாம். ஏன் தட்டவில்லை? வயிறு எரியும். அடுத்தவள் மகன் என் மகளைவிட மோசம் என்று பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் பஸ்ஸில் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகன் என் கூடையைப் பிடித்து இழுத்தான்.

"எனக்கு உங்களப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்குதுக்கா," என்றாள். "உங்க பொண்ணு எப்படி உக்காந்திருக்குது பாருங்க. இவன் ஒரு நிமிசம் இருப்பானா?"

சிரிப்புதான் வந்தது. முப்பத்தைந்து என்றேன்.

"முப்பத்தஞ்சா? தானா சாப்புடுதா?"

"இல்ல."

"அப்பறம் டாக்டரு கிட்ட என்னா சொன்னீங்க?"

நான் கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நல்லா பொண்ணு பாக்க வந்த மாதிரி பூ வெச்சிக் கூட்டினு வந்தீங்க. நான் அன்னைக்கே பாத்தேன். திங்கக்கெழம கலெக்டராபீசுல மனு குடுங்க. மறுபடி பாக்கச் சொல்லுவாங்க. வாயத் தொறந்து பேசுங்கக்கா."

மனு கொடுத்தேன். கொஞ்ச மாதம் கழித்து வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

அதே டாக்டர். அதே கம்ப்யூட்டர் பெண். நாத்தனாரும் வந்தாள், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் பேசினவள் மகனுக்கு அன்று பயிற்சி நாள். போகிற வழியில் மகனோடு வந்து வாசலில் நின்றாள். கதவு அன்றும் திறந்தே இருந்தது. வெளியே வரிசையில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஜடை பின்னியிருந்தேன், அதை விட முடியவில்லை. பூ வைக்கவில்லை.

டாக்டர் பழைய காகிதத்தைப் பார்த்தார்.

"போன தடவ எல்லாம் தானா செய்யுதுன்னு சொல்லியிருக்கீங்களேம்மா?"

மகள் கையிலிருந்த முந்தானையை உருவிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கையையே பார்த்தாள். பிறகு காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்த் தலையை முட்ட ஆரம்பித்தாள். நான் கையை வைத்துத் தடுத்தேன். என் விரல்மேல் முட்டினாள்.

தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். "ஊட்டித்தான் வுடணும் சார். கழுவித்தான் வுடணும். வுட்டா ஓடிடும்."

"நீங்க வேலைக்குப் போறப்ப?"

"கட்டிப்போட்டுட்டுப் போவேங்க. மாமரத்துல."

கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் நின்றது.

நாத்தனார், "ஏம்மா, இத்தன பேரு முன்னால இதச் சொல்லணுமா?" என்றாள்.

வாசலில் இருந்து அவள் சொன்னாள்: "சொன்னாத்தாங்க தெரியும். நீங்க வந்து ஒருநாளு பாத்துக்கறீங்களா?"

நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் எழுதினார்.

வெளியே வந்தபோது நாத்தனார் முன்னால் போய்விட்டாள். பையை அவளே தூக்கிக்கொண்டு போனாள். அந்த இன்னொருத்தி மகனோடு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ரோட்டில் பஸ் வந்தது. பையன் கையை நீட்டி, "பச்சு," என்றான்.

"கேட்டீங்களாக்கா? போன வாரத்துல இருந்து சொல்றான்."

கேட்டேன். என் மகள் முந்தானையைத் தேடி என் இடுப்பைத் துழாவினாள். நுனியைக் கையில் சுற்றிக் கொடுத்தேன். பையன் இன்னொரு தடவை சொன்னான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வயிறு மறுபடியும் எரிந்தது.

"எவ்ளோக்கா போட்டாங்க?" என்றாள்.

எழுபது.