பின்பலகையைக் கழற்றிய பாய்

மைக் செட் விற்பவனை ஊரில் யாரும் நம்புவதில்லை. அவன் நம்புவதோ தன் சரக்கை மட்டும்தான். கடையில் நின்று பிழைத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் ஆம்பூர் பஜாரில் ஒரு ரேடியோக் கடையில் எனக்கு விற்பனை வேலை. சின்னக் கச்சேரிகளுக்கென்று, கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் முதலாளி வாங்கிப் போட்டார். இரண்டு நாள் பாடிப் பார்த்துவிட்டு, பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. அதுதான் வம்பாகப் போயிற்று.

தறி ஓடும்போது

முதலில் வந்தது குடியாத்தத்து பஜனை கோஷ்டி. எல்லாரும் லுங்கி நெய்கிறவர்கள். மறுநாளே பெட்டி திரும்பி வந்தது. சத்தம் போதவில்லையாம். காதைப் பிளக்கிற பெட்டி அது, எனக்குச் சந்தேகம் தட்டியது. துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பவர்லூம் ஷெட்டில், அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது பாடிப் பார்த்திருக்கிறார்கள். தறியை நிறுத்திவிட்டுக் கேட்கக்கூடாதா என்றேன். கோஷ்டித் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தறிய நிறுத்திட்டா எந்தப் பெட்டியும்தான் கேக்கும். அப்படிச் சொல்லித்தானே எங்க தலையில கட்டப் பாக்குற?"

டீச்சரம்மாவின் குரல்

அடுத்தது பாகாயத்து டீச்சரம்மா. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற குழுவுக்கு அவர்தான் தலைவி. எடுத்துப்போன பெட்டியை அவரும் கொண்டுவந்து வைத்தார். அதில் வருவது தன் குரலே இல்லையாம். அதுவரை தன் குரலை அவர் வெளியிலிருந்து கேட்டதே இல்லை போலிருக்கிறது. மைக்கில் அப்படித்தான் இருக்கும் என்று சத்தியம் செய்தேன். அவர் முகம் இளகவில்லை.

"மத்தவங்க குரலெல்லாம் சரியாத்தான் வருது. என் குரலை மட்டும் எதுக்குங்க மாத்தி வச்சிருக்கீங்க?"

அவர் போனதும் முதலாளி கூப்பிட்டார். "இன்னொரு தபா பெட்டி திரும்பி வந்துச்சுன்னா, நீயும் அது கூடவே கெளம்பிடு." வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம்.

சதைப்பக்கம்

மூன்றாவது ஆள் ரஹீம் பாய். தோல் ஷெட்டில் தரம் பிரிக்கிறவர்; கவ்வாலி கோஷ்டியும் வைத்திருந்தார். தோல்காரர்கள் பளபளக்கிற மேல்பக்கத்தை நம்ப மாட்டார்கள். புரட்டிப் போட்டு, சதைப்பக்கத்தில் உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பாய் பெட்டியையும் அப்படியே புரட்டினார். தட்டினார். திருப்புளி வாங்கிப் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்பீக்கர், இரண்டு ஒயர், மீதியெல்லாம் வெற்றிடம்.

"இன்னாப்பா, முக்கால் பெட்டி காலி?" என்றார்.

சத்தத்துக்கு அந்த இடம் வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். நம்பாத முகத்தோடு தூக்கிப் போனார்.

மூன்றாம் நாள் பாய் பெட்டியோடு வந்து நின்றார். முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினேன், கனத்தது. காலி இடம் முழுக்கப் பாய் தோல் துண்டுகளை அடைத்திருந்தார். இணைத்துப் பாடிக் காட்டினார். முன்பிருந்த அதிர்வெல்லாம் போய், குரல் அவ்வளவு சுத்தமாக வந்தது. அடைக்காமல் கொடுத்ததற்கு என்னைக் குற்றவாளியாகப் பார்த்தார் பாய்.

"இத நான் வச்சுக்கிறேன். மச்சானுக்கும் இன்னொண்ணு வேணும். ஆனா காலியாவே குடு. நீ அடைச்சுக் குடுத்தா உள்ள இன்னா இருக்கும்னு யாரு கண்டா?"

வேலை தப்பியது, ஆனால் அன்றிலிருந்து பின்பலகையைக் கழற்றிப் பார்க்காத எந்தச் சரக்கையும் நல்ல சரக்கு என்று சொல்ல எனக்கே வாய் வந்ததில்லை.