ஜப்பான் தொட்டி

மூன்றாம் வகுப்பு படித்தபோது பதினோரு நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. காரணம் கேட்ட வாத்தியாரிடம், அப்பாவுக்கு இடுப்பில் வாதம், நாகூரில் வைத்தியம் பார்த்தோம் என்று சொன்னேன். அது பொய் என்று எனக்கே தெரியாது. அதனால் நன்றாகவே சொன்னேன்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்கு மேற்கே. அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை செய்தார்கள். சென்னையில் ஆட்சி மாறிவிட்டது, இனி நமக்கும் காலம் மாறும் என்று அம்மாவின் தம்பி, என் மாமா, வரும்போதெல்லாம் சொல்வார். அந்தச் செய்தி எங்கள் ஊர் வயலுக்கு மட்டும் வந்து சேரவில்லை. அந்த வருடம் சம்பா அறுவடைக்கு எங்கள் தெருக்காரர்கள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். பண்ணையோ வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. அப்பாவும் இன்னும் சிலரும் போய் வரப்பில் குறுக்கே நின்றார்கள். உச்சி வெயிலில் அப்பாவைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள்.

"வரப்புல வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்புல வாதம் எறங்கிடுச்சு," என்றாள் அம்மா. அடித்தார்கள் என்பதும், அடி வாங்கிய அப்பா மீதே வழக்குப் போட்டார்கள் என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மாமாவுக்கு நாகூரில் மீன் லோடு ஏற்றுகிற வேலை. நாங்கள் தங்க இடம் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். தர்காவுக்கு வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் நாள்கணக்கில் தங்கிப் போகும் ஒரு நீளமான ஓட்டு வீடு. பின்கதவைத் திறந்தால் மணல், அதற்கப்பால் கடல். பஸ் ஏறும் முன் அம்மா குனிந்து, "யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா, கூத்தாநல்லூர் பக்கம்னு சொல்லணும். என்ன?" என்றாள். சரி என்றேன். கூத்தாநல்லூரை நான் பார்த்ததில்லை. ஆனால் சொல்லிப் பார்த்தபோது எங்கள் ஊரைவிடப் பெரிய ஊராகத் தோன்றியது.

அந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டி, வெற்றிலை போட்ட வாய், எதையும் உரக்கச் சொல்கிற குரல். வருகிறவர்கள் வாசலில் கழற்றும் செருப்பை எல்லாம் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பார். எங்கள் மூவரிடமும் திருப்பி வைக்க ஒன்றும் இல்லை. அம்மா பழக்கத்தில் வீட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கம் போகப் பார்த்தாள்.

"எங்கம்மா போறே? வாசல் இங்க இருக்கு," என்றார் அவர்.

அம்மா தயங்கினாள். மெதுவாக எங்கள் தெருவின் பெயரைச் சொன்னாள்.

"தெருவையா கேட்டேன்? காலை அலம்பிட்டு உள்ள வா தங்கச்சி."

அந்த வீட்டின் விசேஷம் கொல்லையில் கீற்றுக் கொட்டகைக்குள் இருந்தது. இடுப்பளவு ஆழத்தில், ஒரு ஆள் கால் நீட்டி உட்காரும்படியான சிமெண்டுத் தொட்டி. நாகூரில் அதை ஜப்பான் தொட்டி என்றுதான் சொன்னார்கள். கட்டியவர் வீட்டுக்காரம்மாவின் காலஞ்சென்ற கணவர். பினாங்கில் சமையல் வேலைக்குப் போனவர் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்களிடம் மாட்டிக்கொண்டார். கடலோரத்தில் அவர்கள் நடத்திய குளியல் விடுதியில் தண்ணீர் காய்ச்சும் வேலை கொடுத்தார்கள்.

"அவனுங்க ஊருல பூமிக்குள்ளேர்ந்தே சுடுதண்ணி வருமாம். கடலைப் பாத்தாப்புல சத்திரம் கட்டி, அதுல போயி கழுத்து முட்ட உக்காந்திருப்பானுங்களாம்," என்று வீட்டுக்காரம்மா அம்மாவிடம் சொன்னார். "அடிச்ச அடியெல்லாம் இவரு மறந்துட்டாரு. அந்தத் தொட்டிய மட்டும் மறக்கல. ஊருக்கு வந்ததும் மொத வேலையா இதைக் கட்டினாரு. நமக்குப் பூமியிலேர்ந்தா வருது? சவுக்கு வெறகுதான்."

கணவர் வைத்துவிட்டுப் போன சட்டங்கள் அப்படியே நடந்தன. வெளியே உடம்பைத் தேய்த்து அலம்பிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். இறங்கினால் வாயைத் திறக்கக் கூடாது. ஏறியதும் வெளுத்த கைலி ஒன்று, ஒரு குவளை தேத்தண்ணி. ஜப்பான்காரருக்குத் தெரியாத ஒன்றை வீட்டுக்காரம்மா சேர்த்திருந்தார்: தண்ணீரில் புளிய இலையும் நொச்சியும் போட்டுக் காய்ச்சுவார்.

தினமும் காலையும் மாலையும் மாமா அப்பாவைத் தூக்கித் தொட்டியில் இறக்குவார். பேசக் கூடாது என்ற சட்டத்தால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். சேறு இல்லாத அப்பாவை நான் அங்கேதான் பார்த்தேன். வீட்டுக்காரம்மா அம்மாவையும் இறங்கச் சொல்வார். "எனக்கு எதுக்குக்கா, நான் நல்லாத்தானே இருக்கேன்," என்று அம்மா விறகைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். ஆறாம் நாள் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு அது திருவிழா மாதிரி. மதியம் ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பு, மாலையில் வடை மாதிரி இறால் வைத்த வாடா. அப்பாவுக்கு வாதம் வந்ததே நல்லது என்றுகூட நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டையில் பேனா குத்தியிருந்த ஒருவர் வந்தார். கமர்கட் கொடுத்தார்.

"எந்த ஊரு பாப்பா?"

"கூத்தாநல்லூர் பக்கம்."

"ஓகோ. எந்தப் பள்ளிக்கூடம்?"

பள்ளிக்கூடத்தைப் பற்றி அம்மா எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரை, வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி ஊரோடு சேர்த்து, ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கெட்டிக்காரி என்றார்.

மறுநாள் மாலை ஜீப் வந்தது. காக்கிச் சட்டைக்காரர் இருவர். வீட்டுக்காரம்மா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார். அறைகளை எல்லாம் திறந்து காட்டினார். கொல்லைக்கு வந்ததும் கொட்டகை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"உள்ள பொம்பளைங்க குளிக்கிறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இருந்தது அப்பா. முதுகு தேய்த்துவிட அம்மா கூட இருந்தாள். ஐந்து வேளையும் தொழுகிற வீட்டுக்காரம்மா தப்பாகச் சொல்கிறாரே என்று திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் பாதி வாடாவை என் வாயில் திணித்து, "பசி தாங்காது இதுக்கு," என்றார். உள்ளே அம்மாவின் கண்ணாடி வளையல்கள் வேண்டுமென்றே குலுங்கின. போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவரில் மூத்தவர் தலையைச் சொறிந்தார்.

"நாளைக்கு வருவோம்மா."

"வாங்க. தேத்தண்ணி குடிச்சுட்டுப் போங்க," என்றார் வீட்டுக்காரம்மா. குடிக்கவும் வைத்தார்.

ஜீப் போன பிறகு அப்பா கைலியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். "போதுங்க. ஒரு ஆம்பளைக்காக உங்களை ஸ்டேஷனுக்கு இழுத்தாங்கன்னா நான் மனுசனே இல்ல. விவசாயச் சங்கத்து வக்கீல்கிட்ட மச்சான் பேசட்டும். காலையில நானே போயிடுறேன்."

"இன்னும் நிமிந்து நடக்க வரல உனக்கு."

"அங்க போயி நிமிந்துக்கிறேங்க."

மறுநாள் விடிந்ததும் தொட்டியை வீட்டுக்காரம்மாவே நிரப்பினார். அப்பா ஏறி வந்ததும் பெட்டியைத் திறந்து தன் கணவரின் வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பினாங்கில் தைத்தது. தோள் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அப்பா வேலைக்குப் போகிறார் என்று எனக்குச் சொன்னார்கள். வாசலில் அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் உயரத்துக்குக் குனிந்தார். அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்.

"இனிமே யாரு கேட்டாலும் நம்ம ஊரு பேரையே சொல்லு பாப்பா. கூத்தாநல்லூர் வேணாம்."

"நான் நம்ம பள்ளிக்கூடத்துப் பேர முழுசா சொன்னேம்ப்பா. ஒரு மாமா கெட்டிக்காரின்னாரு."

"எனக்குத் தெரியும். நல்லாத்தான் சொல்லியிருக்கே," என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். பாராட்டினார் என்று நினைத்து, தெருமுனை திரும்பும் வரை கையாட்டினேன்.

ஆடியில், நாற்று விடுகிற சமயத்தில், அப்பா திரும்பி வந்தார். வழக்கு கோர்ட்டில் நிற்கவில்லை. இடுப்பு மட்டும் முழுவதாக நிமிரவில்லை. அரைப்படி நெல் அதற்கும் அடுத்த அறுவடையில் கிடைத்தது.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அப்பா போன அன்றைய மதியம். அம்மா முற்றத்தைப் பெருக்கினாள், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். வீட்டுக்காரம்மா விளக்குமாற்றை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். அண்டாவுக்கு அடியில் தீ மூட்டினார். அம்மாவின் தோளைப் பிடித்துக் கொட்டகைக்குள் அழைத்துக்கொண்டு போய்ப் படலைச் சாத்தினார்.

நான் வெளியே காத்திருந்தேன். தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. எனக்குப் பசி. படலைத் தட்டினேன்.

"அப்பாவுக்குத்தானேம்மா வலி? உனக்கு என்ன?"

மறுபடி தட்டினேன்.

"கொஞ்சம் பொறு புள்ள. உங்கம்மா இப்பத்தான் எறங்கியிருக்கா," என்றார் வீட்டுக்காரம்மா. அவருடைய குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

அம்மா இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. பெரியவர்களுக்கு நேரம் பார்க்கத் தெரியவில்லை என்று கோபித்துக்கொண்டு, நான் மணலில் போய் உட்கார்ந்தேன்.